இடுப்பில் வைத்த கை

என் அக்காவின் வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருமன். நடந்து போகும்போது தெரியாது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தால், ஒரே உடம்பில் இரண்டு பேருடைய கால்களை மாட்டியதுபோல இருக்கும். பிறவியில் வந்ததில்லை. கத்திப் பட்டறையில் பவர் ஹேமரின், அதாவது மோட்டாரில் ஓடும் சம்மட்டியின், பெடலை வருஷக்கணக்காக மிதித்ததில் வந்தது. பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்கிறவருக்குப் பெயர் கிடைக்கும். பெடல் மிதிக்கிறவளுக்குக் கெண்டைக்கால் கிடைக்கும். அவ்வளவுதான் பங்கு.

பட்டறை அத்தானுடையது, அதாவது அக்கா புருஷனுடையது. பெரிய சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகைகள் வரிசையாக இருக்கும். கடைசிக் கொட்டகை எங்களுடையது. கேஸ் உலையில் இரும்புப் பட்டையைப் பழுக்க வைத்து, குறட்டால் பிடித்து, ஹேமருக்கு அடியில் கொடுப்பது அத்தான் வேலை. பெடலை மிதிப்பது அக்கா வேலை. காலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பலமாக, அவ்வளவு வேகமாக அடி விழும். கண்ணாடி டம்ளரை வைத்துத் தட்டினால்கூட உடையாமல் நிறுத்துவாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஆள் வராத ஒரு நாள், சும்மா நிற்கிறாயே, மிதி என்றார் அத்தான். அன்று ஏறியவள் பிரசவத்துக்குத்தான் இறங்கினாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுநாளும் காலையில் போய் நின்றாள்.

நான் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன என் புருஷன் இன்னும் எந்தக் கடையில் வரிசையில் நிற்கிறானோ தெரியாது. அக்கா கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். கத்திகளுக்கு மரக் கைப்பிடி பொருத்துவது, பித்தளை ஆணி அடிப்பது, மெருகு போடுவது என் வேலை. என் மேஜை உலைக்கு எதிரே. பார்க்காதே என்றாலும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அத்தான் வித்தைக்காரர். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே இதற்கு இவ்வளவு சூடு போதும் என்று எடுப்பார், எடுத்தது தப்பாது. மற்ற பட்டறைக்காரர்கள் சூடு அளக்கும் கருவி வாங்கி மாட்டியபோது, "கண்ணு அவிஞ்சவனுக்குத்தான்யா கருவி" என்று அவர்கள் காதுபடச் சொன்னார். வித்தைக்கு எவ்வளவு பெயரோ, வாய்க்கும் அவ்வளவு பெயர். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த வாய்க்குப் பயந்தே ஓடினார்கள். ஓட வழியில்லாதவள் அக்கா ஒருத்திதான்.

வந்த வருஷத்தில் ஒருமுறை, "ஏங்க, சூடு கொஞ்சம் கூடிடுச்சோ?" என்று கேட்டுவிட்டாளாம். அத்தான் பழுத்த பட்டையோடு திரும்பி, அதை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டினார். "சொல்லு. என்ன நிறம்? படிச்சவ மாதிரிப் பேசினியே, சொல்லு." அக்கா ஆரஞ்சு என்றாள். கொட்டகையே சிரித்தது. மஞ்சள் என்றாள். அதற்கும் சிரித்தார்கள். புருவ முடி கருகும் வாசனை வந்த பிறகுதான் பட்டையை எடுத்தார். அதற்குப் பிறகு அக்கா பட்டறையில் நிறத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் பார்க்காமல் இருந்தாளா என்ன? அவ்வளவு வருஷம் அந்த வெளிச்சத்துக்கு எதிரேயே நின்றிருக்கிறாள்.

ஹேமர் சத்தம் அத்தானின் காதை எப்போதோ தின்றுவிட்டது. அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். அவர் அதைப் பார்த்து, "பிரசவ ஆஸ்பத்திரியா இது?" என்று கேலி செய்வார். கேலி செய்தவருக்கு இப்போது பக்கத்தில் போய்க் கத்தினால்தான் விழும். எங்கள் வீட்டில் ரகசியம் பேசுவது சுலபம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணமாகப் பேசினால் போதும்.

காது போனதை ஊரே அறியும். கண் போனதை அக்கா மட்டும்தான் முதலில் அறிந்தாள். கேஸில் கலப்படம், உலையில் வெளிச்சமே இல்லை என்று அத்தான் சொல்ல ஆரம்பித்தார். பல்பை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பெரிய பல்பாக மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினேன். சாப்பிடும்போது தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, டம்ளரை நகர்த்தி வைத்தது யார் என்று என்னைத் திட்டினார். எதிரே வரும் வண்டிகளின் விளக்கு நூல் நூலாகப் பிரிகிறது என்று சைக்கிளை விட்டுவிட்டார்.

கண்ணில் படலம் விழுந்தவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும். இரும்பு மஞ்சளாகப் பழுத்திருக்கும். அவருக்கு அது ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விடுவார். வெளுத்துப் பொறி பறக்கிற நிலையில் எடுத்து ஹேமருக்கு அடியில் நீட்டி, "அடி" என்பார். அக்கா உடனே அடிக்கமாட்டாள். பெடலில் ஏதோ சிக்கியதுபோலக் குனிவாள். தலைத்துணியைச் சரிசெய்வாள். இரும்பு தேவையான நிறத்துக்கு இறங்கும்வரை எதையாவது செய்து, பிறகுதான் காலை வைப்பாள். "தூங்குமூஞ்சி. கால்ல ஆணி அடிச்சிருக்கா?" என்று அத்தான் கத்துவார். அவர் வெளியே போனதும், அன்று அடித்த கத்திகளை அவளே மறுபடி சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவைத்து, மறுபடி காய்ச்சி ஆறவைப்பாள். இரும்புக்குள் நெருங்கிக் கிடக்கும் பொடி மணிகள் அதிகச் சூட்டில் பருத்து இரும்பைப் பலமில்லாமல் ஆக்கும், அப்படிச் செய்தால் மறுபடி சன்னமாகிவிடும். சாதாரணக் கத்தி இரும்பு பொறுமையானது. எவ்வளவு கெடுத்தாலும் திருத்த விடும். அதனால்தான் எங்கள் கத்திகள் உடையவில்லை, அத்தான் பெயரும் உடையவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு கத்தி உடையட்டும். அப்பத்தான் அவருக்கு உறைக்கும்" என்று ஒருமுறை சொன்னேன்.

"உடைஞ்சா என் காலைத்தான் சொல்வார்" என்றாள் அக்கா. "பெடலை விட்டு இறக்கிடுவார். எனக்கு அது ஒண்ணுதான்டி இருக்கு."

அவளுக்கு அந்த ஹேமர்மீது இருந்தது ஆசையென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டில் அவளுக்கு ஒரு நாற்காலிகூடச் சொந்தமில்லை. பட்டறையில் அந்த ஒன்றரை அடி இடத்தில் நின்றால் மட்டும் அவள் வேறு ஆள்.

அப்படி இருக்கும்போதுதான் கத்தி வியாபாரி பவுடர் ஸ்டீலைக் கொண்டுவந்தார். இறைச்சி வெட்டும் பெரிய தொழிற்சாலைகளுக்குக் கத்தி கொடுக்கிறவர் அவர். நீளமான பட்டைகள், சாதாரண இரும்பு மாதிரிதான் இருந்தன. உருக்கிய எஃகைக் காற்றால் அடித்துச் சிதறவைத்து மாவு மாதிரிப் பொடியாக்குவார்களாம். அந்தப் பொடியை டப்பாவில் அடைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து மறுபடி கட்டியாக்குவார்களாம்.

"கட்டியா இருந்ததைப் பொடியாக்கி, பொடியை மறுபடி கட்டியாக்கினானா?" என்றார் அத்தான். "வேலை வெட்டி இல்லாதவன்போல இருக்கு."

வியாபாரி அவர் காதருகே போய்க் கத்தினார். "முனை மழுங்கவே மழுங்காதுங்க. காலையில தீட்டினா சாயங்காலம் வரைக்கும் வெட்டலாம். ஆனா சூடு ரொம்பக் கணக்கா இருக்கணும். குறைஞ்சா வெடிக்கும், கூடினா உதிர்ந்துடும். அடிச்சு முடிச்சதும் சாம்பல்ல புதைச்சு மெதுவா ஆறவிடணும். வெளியில வெச்சா காத்துலயே இறுகிப்போய்க் கீறல் விடும். சூடு அளக்குற கருவி ஒண்ணு மட்டும் வாங்கிடுங்க. சரியா வந்துட்டா வருஷம் பூரா உங்களுக்குத்தான் வேலை."

"நீங்க பட்டையை வெச்சிட்டுப் போங்க" என்றார் அத்தான். கருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பட்டை உலையிலிருந்து வெள்ளையாக வந்தது. அக்கா வழக்கம்போலக் குனிந்தாள், துணியைச் சரிசெய்தாள், நிறம் இறங்கியதும் மிதித்தாள். ஒரே அடியில் பட்டையின் முனை கையில் நொறுக்கிய பிஸ்கட்டாகப் பொலபொலவென்று உதிர்ந்து, பழுத்த துண்டுகள் தரையில் உருண்டன. இந்த இரும்பிடம் அவள் தந்திரம் செல்லவில்லை. உலைக்குள்ளேயே கெட்டது, வெளியே எவ்வளவு காத்திருந்தாலும் கெட்டதுதான். அக்காவுக்கு அது உடனே புரிந்துவிட்டது.

அடுத்த பட்டையும் உதிர்ந்தது. அதற்கடுத்ததை அக்கா பூவை வைப்பதுபோல மிதித்தாள். அதுவும் உதிர்ந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். இப்படி ஒரு வேடிக்கை அவர்களுக்கு எத்தனை வருஷ ஆசையோ.

"என்னடி மிதிக்கிறே? காலா அது, உலக்கையா?" அத்தான் கையில் குறடு இருந்தது. உலைக்குள் போய்வந்த குறடு. அதன் நுனியால் அக்காவின் வலது கெண்டைக்காலை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். "தின்னு தின்னு இதை வளர்த்தியே, இதுதான் பாழாக்குது."

சுர்ரென்ற சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா கத்தவில்லை, பெடலிலிருந்து இறங்கி ஓரமாக நின்றாள். சூடாக இருந்தது தெரியாது என்று பிறகு அத்தான் சொன்னார். குறட்டின் சூடு தெரியாத பட்டறைக்காரர். அந்தக் குறட்டைப் பிடுங்கி அவர் மண்டையில் போட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அன்றே அவளைப் பெடலிலிருந்து விலக்கினார். தன் தம்பியைக் கூப்பிட்டுவந்து நிறுத்தினார். அவரைச் சின்னவர் என்பார்கள். வாசல் நிலையில் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. அக்காவுக்குச் சாம்பல் சலிக்கிற வேலை. பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாம்பல் பெட்டிக்கு வேண்டியதைச் சலித்தாள். அங்கேதான் அவள் அழுததைப் பார்த்தேன். எந்த வசவுக்கும் அழாதவள்.

"காயம் எரியுதா?" என்றேன்.

"இல்லடி. அந்த ஆள் மிதிக்கிறது காதுல விழுது பாரு. தாளமே இல்ல."

சின்னவர் மிதித்தும் பட்டை உதிர்ந்தது. இப்போது யார் கால்மீது பழி போடுவது? "இரும்பே போலி. ஏமாத்துறான்" என்றார் அத்தான். அக்கா மிதித்தபோது கெட்டது காலால். தம்பி மிதித்தபோது கெட்டது இரும்பால்.

வியாபாரி சொல்லியனுப்பினார். மிச்சமிருக்கும் பட்டையை அவர் எதிரேயே அடிக்க வேண்டும். கத்தி சரியாக வராவிட்டால் வேலையை முதல் கொட்டகைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அவரிடம் கருவி இருக்கிறது. அன்று அத்தான் உலையைச் சீக்கிரமே அணைத்தார். சாயங்காலம் சின்னவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டார். காதில் விழாதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. ரகசியம் என்று நினைத்து அவர் பேசியது என் மேஜைவரை வந்தது.

"உனக்கு நிறம் தெரியுமா?"

அக்கா தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

"எதுங்க?" என்று அவர் காதருகே கேட்டாள்.

"எனக்குத் தெரியலைங்கிறது."

அக்கா கீழே கிடந்த குறட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள். அத்தான் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்த உலை. பிறகு சொன்னார். "நாளைக்கு என் பின்னாடி நில்லு. எடுக்க வேண்டிய நேரத்துல இடுப்புல கிள்ளு. நிறம் இறங்கி, உள்ளே வைக்கணும்னா ரெண்டு தட்டுத் தட்டு. வாயைத் தொறக்காதே. எவனுக்கும் தெரியக்கூடாது."

"சரிங்க" என்றாள். சமையலறைக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போன அன்றுகூட அது அப்படிப் பூரித்திருக்கவில்லை.

"கூப்பிட்டதும் ஓடுறே. கால்ல கொப்புளம் இன்னும் காயல" என்றேன்.

"கேட்டாரேடி. என்கிட்டக் கேட்டார் இல்ல?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்குப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

மறுநாள் வியாபாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசலில் கூட்டம். அத்தான் உலை முன் நின்றார். அக்கா அவருக்குப் பின்னால், இடது பக்கமாக, கையை அவர் சட்டைக்கு அடியில் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த வயசுல என்னங்க இவ்வளவு நெருக்கம்" என்று வியாபாரி உரக்கக் கத்திக் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். "தலை சுத்துதாம், புடிச்சிட்டு நிக்கிறா" என்றார் அத்தான்.

பட்டை மெதுவாகப் பழுத்தது. சிவப்பு, ஆரஞ்சு, பிறகு ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். அந்த நிறத்துக்கு எந்த மொழியிலாவது பெயர் இருக்கிறதோ என்னவோ, அக்காவின் விரலுக்குத் தெரிந்திருந்தது. கிள்ளினாள். அத்தான் எடுத்தார். சின்னவர் மிதித்தார். சின்னச் சின்ன அடியாக நாலைந்து விழுந்ததும் நிறம் இறங்கியது. அக்கா தட்டினாள், பட்டை உள்ளே போனது. மறுபடி கிள்ளு, மறுபடி அடி. எத்தனை தடவை போய் வந்ததோ, ஒரு பொடிகூட உதிரவில்லை. பட்டை நீண்டு, அகன்று, கத்தியின் உருவம் வந்தது. கடைசியில் சாம்பல் பெட்டிக்குள் அதை இறக்கியபோது வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். வியாபாரி எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கருவி வெச்சிருக்கிறவனால முடியாதுங்க இது. என்ன கண்ணுங்க உங்களுக்கு" என்று காதில் கத்தினார்.

அத்தான் முகம் மலர்ந்தது. இத்தோடு விட்டிருக்கலாம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். விடவில்லை.

"கண்ணுல கோளாறு இல்லீங்க. ஆரம்பத்துல கெட்டதெல்லாம் இவ காலால. எருமை மிதிக்கிற மாதிரி மிதிச்சா எது நிக்கும்? ஆளை மாத்தினேன், வேலை வந்துடுச்சு. பொம்பளையை மெஷின்ல ஏத்துனது என் தப்பு."

கூட்டம் சிரித்தது. வியாபாரியும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். அக்காவின் கை இன்னும் அவர் சட்டைக்கு அடியில்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் கையிலிருந்த பித்தளை ஆணியை மேஜையில் வளைத்துவிட்டேன்.

சாயங்காலம் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள். "அவர் அதைச் சொல்றப்போ அவர் வயிறு சிரிப்புல அசைஞ்சுது. என் கையில தெரிஞ்சுது." சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடியும் சோப்புப் போட்டாள்.

வேலை வந்தது. வண்டி வண்டியாகப் பட்டை வந்தது. அக்கா தினமும் இடுப்பில் கை வைத்து நின்றாள், கிள்ளினாள், தட்டினாள். கொட்டகை வரிசையில் அவர்களைப் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கேலிதான் அத்தானைச் சுட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"கண் டாக்டர்கிட்டப் போவோம். இதெல்லாம் இப்போ சரி பண்றாங்களாம். சரியாயிட்டா உன்னை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. நீ வீட்டைப் பாரு. பட்டறைப் பக்கமே வர வேணாம்."

அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். "போலாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அத்தான் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி வரிசையில் முன்னால் முன்னால் நகர்ந்தார். கண்ணில் மருந்து ஊற்றி, மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சோதித்த பிறகும் அங்கேயே உட்காரவைத்துவிட்டு, எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த டாக்டரம்மாவுக்குக் காது கேளாதவரிடம் கத்தத் தெம்பில்லை.

"ரெண்டு கண்ணுலயும் படலம் நல்லாப் பழுத்திருக்கு. இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க? எடுத்துட்டு லென்ஸ் வெச்சிடலாம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். நரம்பெல்லாம் நல்லா இருக்கு, பார்வை முழுசா வந்துடும். ஆனா இனிமே தள்ளிப்போடாதீங்க. ரொம்ப முத்திடுச்சுன்னா கண்ணே கெட்டுப்போகும்."

"சரிங்கம்மா. வீட்ல பேசிட்டு வர்றோம்" என்றாள் அக்கா.

வெளியே அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, கைகள் இரண்டையும் முழங்கால்மீது வைத்து உட்கார்ந்திருந்தார். காலடி அதிர்வு தெரிந்ததோ என்னவோ, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அந்த வராந்தா முழுக்கக் கேட்கும் குரலில்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காதுக்கு வாயைக் கொண்டுபோய், கையைக் குவித்து வைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"நரம்பு செத்துப்போச்சாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

எனக்கு ஒரு நொடி என் காதையே நம்ப முடியவில்லை. அத்தான் அசையவில்லை. மூடிய கண்ணிலிருந்து மருந்து வழிந்ததா, வேறு ஏதாவதா, தெரியாது.

"ஆபரேஷன்கூட?" என்றார்.

"கேட்டேங்க. இல்லைன்னுட்டாங்க. இருக்கிறது போயிடாம சொட்டு மருந்து போடச் சொல்லியிருக்காங்க. நான் வாங்கிட்டு வர்றேன்."

மருந்துக் கடையில், கண் எரிச்சலுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு ஒரு சின்னக் குப்பி வாங்கினாள். அங்கேயே அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது பாவம். அவர் பண்ணினதுக்கு வாயால திட்டு, சோத்துல உப்பைக் கொட்டு, என்ன வேணா பண்ணு. கண்ணாச்சே அது."

"சரி பண்ணிட்டா நான் எங்க நிப்பேன்?" என்றாள்.

அவள் சில்லறையை வாங்கி எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து வெளியில் இருவரும் கை பிடித்து நான் பார்த்ததில்லை. "நீ இல்லைன்னா நான் பிச்சைதான் எடுக்கணும்" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. சின்னவரை வீட்டுக்கு அனுப்பினாள். குறடு அக்கா கைக்கு வந்தது. அத்தான் பெடலில் ஏறினார். அவள் காலால் தரையை உதைத்தால் அந்த அதிர்வில் மிதிப்பார், மறுபடி உதைத்தால் நிறுத்துவார். வியாபாரி ஒருமுறை வந்து இதைப் பார்த்து வாயைப் பிளந்தார். அத்தானே சொன்னார், "இவதாங்க எல்லாம். ஆரம்பத்துலேருந்து இவதான்." நாலு பேர் முன்னால் சொன்னார். அக்கா அப்போதும் சிரிக்கவில்லை, உலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கத்திகள் வந்தன. நான் கைப்பிடி போட்டதிலேயே நல்ல கத்திகள் அவைதான்.

ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான்மீது எனக்கு எந்தக் காலத்திலும் பாசம் கிடையாது, இப்போதும் கிடையாது. ஆனாலும் ஒரு மனுஷன் தெரிந்தே குருடாக்கப்படுவதை எதிரே உட்கார்ந்து மெருகு போட்டுக்கொண்டே பார்க்க முடியவில்லை. அக்கா சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் காதில் போய்க் கத்திவிட்டேன். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும், அக்கா சொன்னது பொய், என்னோடு வாருங்கள், நாளைக்கே போவோம்.

அத்தான் கொஞ்ச நேரம் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

"உன் புருஷன் உன்னை விட்டுட்டுப் போனான். உன் அக்கா நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கல, இல்ல?"

"அத்தான், சத்தியமா—"

"இவ்வளவு வருஷத்துல அவ சொன்னதை நான் ஒருநாள் நம்பினதில்ல. அதுக்குத்தான் இப்படி ஆயிட்டேன். இனிமே அவ பேச்சைத் தவிர எவ பேச்சும் எனக்கு வேணாம். மறுபடி இப்படிப் பேசினே, பெட்டியைக் கட்டிடு."

அக்கா சந்தையிலிருந்து வந்ததும் நான் சொன்னதை அத்தான் அவளிடம் அப்படியே சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை. காய்களைக் கூடையிலிருந்து எடுத்து வைத்தாள்.

இப்போது தினமும் காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் வாசல் படியில் உட்கார்ந்து அத்தான் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொள்வார். அக்கா அவர் தலையைத் தன்மேல் சாய்த்து, இமையை விரலால் மெல்லப் பிரித்து, குப்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விடுவாள். ஓரத்தில் வழிந்ததைத் தன் துணியால் ஒற்றியெடுப்பாள். குழந்தைக்குக்கூட யாரும் அவ்வளவு பதமாகச் செய்யமாட்டார்கள்.

நேற்றுச் சொட்டு விட்டு முடித்ததும் அத்தான் கண்ணைச் சிமிட்டி, தெருவைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் தெளிவாத் தெரியுற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்படிங்களா" என்று அவர் காதில் சொல்லிவிட்டு, அக்கா குப்பியை மூடினாள்.